பட்டினப்பாக்கத்துக் கொடிக்கு யார் தாய்

நான் தரமணி லேபுக்கு வரும்போதெல்லாம் கேன்டீனில் என்னைப் பிடித்து உட்காரவைத்து நீங்கள் கேட்பது ஒன்றுதான்: எந்த மெஷின் வாங்கலாம், எந்த சாஃப்ட்வேர் நல்லது? எனக்குத் தெரியாது. நான் ரிட்டயர் ஆன பிறகு வந்த மெஷின்களின் பெயர்கூட வாயில் நுழைவதில்லை. ஆனால் மெஷின் ஒரு பதிலைச் சொன்ன பிறகு, அதை வெளியே சொல்வதா வேண்டாமா, எவ்வளவு சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்று ஒரு தலைவலி வருமே, அதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. அதைத்தான் எழுதுகிறேன். தற்பெருமை தாராளமாக இருக்கும். ரிட்டயர் ஆனவளுக்கு அதற்குக்கூட உரிமை இல்லையென்றால் எப்படி?

புதிதாக வந்தவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திராட்சையில் குச்சியை வெட்டி நட்டால் அதே செடிதான் மறுபடியும் வரும். திண்டுக்கல் பக்கம் ஏக்கர் கணக்கில் பரந்திருக்கும் பச்சை திராட்சைத் தோட்டம் முழுக்க, டி.என்.ஏ. கணக்கில் பார்த்தால், ஒரே செடி. விதை போட்டால் கதை வேறு. தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி வாங்கிக்கொண்டு புது ஆள் ஒன்று முளைக்கும். அதனால்தான் எந்தத் தோட்டக்காரரும் திராட்சைக்கு விதை போடுவதில்லை. என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் வேலை, நம் ஊர்ப் பழைய ரகங்கள் எது எதற்கு என்ன உறவு என்று கண்டுபிடிப்பது. தென் மாவட்டங்களில் சுற்றி, இலை பறித்து வந்து, டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட சில இடங்களை மார்க்கர் போட்டுப் பார்ப்போம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வடிவங்கள் இருக்கும், ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. இதில் எனக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பழம் இருக்கிற பருவமென்றால் முதலில் பழத்தைத் தின்பேன், பிறகுதான் இலை பறிப்பேன். லேபில் என்னைக் கேலி செய்யாத ஆளில்லை. மேடம் ஃபீல்டுக்குப் போவதே தின்னத்தான் என்பார்கள். நாக்குக்கு எந்தப் புள்ளிவிவரமும் தெரியாதுதான், ஆனால் அதற்கு ஞாபகம் உண்டு என்று நான் பதில் சொல்வேன்.

பட்டினப்பாக்கத்துக் கொடியைக் கண்டுபிடித்தது நான் இல்லை, நசீமா. என்னிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனவள், திங்கட்கிழமை டிபன் டப்பாவில் ஒரு கொத்து திராட்சையோடு வந்தாள். மீன் விற்கிற ஸ்டெல்லா என்கிற அம்மாவின் வீட்டு வாசலில் கொடி இருக்கிறதாம். வீடு என்றால் கடலோரத்து அடுக்குக் குடியிருப்பில் தரைத்தளம். சாயங்காலமே ஆட்டோ பிடித்துப் போனோம்.

அடிமரம் என் முழங்கை தடிமன். மாடிகளில் துணி காயப்போடக் கட்டியிருந்த கம்பிகளைப் பிடித்து இரண்டு மாடி ஏறியிருந்தது. உப்புக்காற்றில் சுவர்ப் பூச்செல்லாம் உதிர்ந்து இரும்புக்கம்பி தெரிகிற கட்டடத்தில், இது மட்டும் பச்சைப்பசேல் என்று காய்த்துக் குலுங்கியது. பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"கப்பல்ல வந்தது மேடம் இது," என்றார் ஸ்டெல்லா. ஐம்பதை நெருங்கும் வயது, ஓயாத பேச்சு. "அந்தக் காலத்துல ஒரு ஃபாதர் கப்பல்லேருந்து எத்துக்கினு வந்து சர்ச்சு தோட்டத்துல வெச்சாராம். அதுலேருந்து ஒரு குச்சி எங்க மாமனாருக்குக் குட்த்தாராம். இப்ப இன்னான்னா, கட்டடத்த இட்ச்சிட்டு புச்சா கட்டப்போறோம்னு நோட்டீஸ் ஒட்டிக்கீறாங்க. எங்களுக்கு வூடு குடுப்பாங்க. இதுக்கு யாரு குடுப்பா?"

ஒரு பழத்தை வாயில் போட்டேன். வெளிர் ரோஜா நிறம், கெட்டித் தோல், உள்ளே விதை. இனிப்புக்குப் பின்னால் ஒரு வாசனை வந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும், ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை. இலையைப் பறித்துக்கொண்டு, ஒரு கொத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

முடிவு வந்த நாள் லேபே அமர்க்களப்பட்டது. எங்களிடம் இருந்த எந்த ரகத்தோடும் அந்தக் கொடி ஒத்துப்போகவில்லை. அதாவது யாரும் இதுவரை பதிவு செய்யாத செடி. அதைவிடப் பெரிய சேதி, மார்க்கர் போட்ட ஒவ்வோர் இடத்திலும் அதன் இரண்டு வடிவங்களில் ஒன்று பச்சை திராட்சையில் இருந்தது. அப்படி ஓர் இடம்கூடத் தவறாமல் ஒத்துப்போனால் அது பெற்றோர், பிள்ளை உறவு. நசீமா அப்போதே போன் போட்டு, உங்கள் கொடிதான் தாய் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டாள். சின்னப் பெண், சந்தோஷம் தாங்கவில்லை. மதியத்துக்குள் டைரக்டர் காதுக்கும் போய்விட்டது. கப்பல் கதையையும் சேர்த்துக் கேட்டவர், தென் மாவட்டத்துப் பச்சை திராட்சைக்கெல்லாம் தாய்க்கொடி சென்னைக் கடற்கரையில் இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார்.

அமைச்சரை அழைத்து விழா என்றார்கள். வெள்ளிக்கிழமை. அதற்குமுன் நான் கையெழுத்துப் போட்டு அறிக்கை தரவேண்டும்.

இங்கேதான் நீங்கள் நிதானிக்கவேண்டும். அந்த முடிவு சொன்னது, இவை இரண்டும் பெற்றோரும் பிள்ளையும் என்பதை மட்டும். யார் பெற்றோர், யார் பிள்ளை என்று அது சொல்லவில்லை. இரண்டு செடிகளை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்லவும் முடியாது. வயது தெரியாமல் முகஜாடையை மட்டும் வைத்து இருவரில் யார் அம்மா என்று கேட்பது போலத்தான். நாங்கள் எல்லோரும் படித்த பாடம் இது. ஆனாலும் கப்பலும் ஃபாதரும் வந்து உட்கார்ந்ததும் லேபில் அத்தனை பேருக்கும் மறந்துபோய்விட்டது.

டைரக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

"இது தாய்க்கொடின்னு நிச்சயமாச் சொல்ல முடியுமா?"

"முடியாது சார்."

"தாய் இல்லைன்னு நிச்சயமாச் சொல்ல முடியுமா?"

"அதுவும் முடியாது சார்."

"அப்ப தாயா இருக்கலாம்னு எழுதுங்க. அதுல பொய் இல்லையே."

"'இருக்கலாம்'ங்கற வார்த்தை மைக்குக்குப் போறதுக்குள்ள காணாமப் போயிடும் சார்."

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. மெதுவாகச் சொன்னார்: "நான் பேப்பர்ல பேர் வரணும்னு கேக்கலை மேடம். கட்டட இன்ஜினீயர்கிட்ட பேசிட்டேன். பழைய தாய்க்கொடின்னு நீங்க எழுதிக் கொடுத்தா, அந்த மூலையைக் கம்பிவேலி போட்டு ஒதுக்கித் தர்றேங்கறார். நீங்க மறுத்தா திங்கக்கிழமை புல்டோசர் வரும். அந்தம்மா மூஞ்சியை நீங்கதான் போய்ப் பாக்கணும்."

பொய் சொல்லச் சொன்னால் மறுப்பது சுலபம். நல்ல காரியத்துக்காகப் பாதி உண்மையைச் சொல்லச் சொன்னால்தான் சிக்கல். எதிர்பார்த்த பதில் ஸ்டெல்லாவுக்கு நல்லது, லேபுக்கு நல்லது, எனக்கும் நல்லது. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு சந்தேகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வியாழக்கிழமை வரை அவகாசம் கேட்டுக்கொண்டு எழுந்து வந்தேன்.

அன்று மயிலாப்பூரில் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தார். பட்டினப்பாக்கத்துக் கொத்து உள்ளே இருந்தது.

"ஆத்துல என்ன கல்யாணமா?" என்றார். "பிரிட்ஜைத் தொறந்தா சத்திர வாசல்ல நிக்கறாப்ல இருக்கு. பன்னீர் தெளிச்சு வெச்சிருக்கியா?"

எனக்கு அப்போதுதான் அந்த வாசனை எங்கிருந்து வந்தது என்று பிடிபட்டது. பன்னீர் திராட்சை. தள்ளுவண்டிதோறும் கருநீலமாகக் குவித்து வைத்திருப்பார்களே, அதே வாசனை. அந்த ரகம் எங்கள் ஒப்பீட்டுத் தொகுப்பில் இல்லவே இல்லை. திட்டம் பாரம்பரிய ரகங்களுக்கானது. பன்னீர் வெளிநாட்டிலிருந்து வந்தது, ஊரெல்லாம் கிடைப்பது, அதைப் போய் யார் சேர்ப்பது என்று திட்டக் குழு விட்டுவிட்டது. மூலை முடுக்கெல்லாம் தேடி அரிய ரகங்களைச் சேர்த்திருந்தோம். என் வீட்டுப் பக்கத்தில் லஸ் முனையில் தள்ளுவண்டியில் விற்பதை விட்டுவிட்டோம். எங்கள் தொழில்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

போட்ட செருப்பைக் கழற்றாமல் லஸ்ஸுக்கு நடந்தேன். வண்டிக்காரரிடம் காம்பு பச்சையாக இருக்கிற கொத்தாகப் பார்த்துக் கேட்டேன். "பழத்தப் பாரும்மா, காம்ப இன்னாத்துக்குப் பாக்குற?" என்று அலுத்துக்கொண்டார். எனக்குக் காம்புதான் வேண்டும். பழத்தின் சதையில் சர்க்கரை அதிகம், டி.என்.ஏ. எடுப்பது பெரும் பாடு. விதையைத் தொடவே கூடாது, உள்ளே இருப்பது அடுத்த தலைமுறை. காம்பு அந்தச் செடியேதான். கணவர் பழத்தைத் தின்றார், நான் காம்பை உறையில் போட்டு லேபுக்குக் கொண்டுபோனேன். தள்ளுவண்டிப் பழத்தை மட்டும் நம்பக்கூடாது என்று, தேனியில் தெரிந்த தோட்டக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பன்னீர் இலையும் பஸ்ஸில் வரவழைத்தோம்.

வியாழக்கிழமை காலை நசீமாவும் நானும் திரைமுன் உட்கார்ந்தோம். கொடியின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வடிவம் பச்சை திராட்சையுடையது, மிச்சமிருந்த வடிவம் பன்னீருடையது. ஓர் இடத்திலும் பிசகவில்லை. தாய் வழியாக மட்டுமே இறங்கிவரும் பகுதி ஒன்று இலையின் பச்சையம் இருக்கிற பசுங்கணிகத்தில் உண்டு, அதையும் பார்த்தோம். அது பன்னீருடையது. காம்பும் தோட்டத்து இலையும் ஒரே சேதியைத்தான் சொல்லின. தாய் பன்னீர், தகப்பன் பச்சை. தோட்டத்திலேயே பச்சையின் மகரந்தம் சேர்ந்து, இங்கே யாரோ தின்று துப்பிய பன்னீர் விதையில் முளைத்தது. கப்பலும் கிடையாது, ஃபாதரும் கிடையாது.

"தாய் இல்லை மேடம், மகள்," என்றாள் நசீமா. அவள் கண் கலங்கிவிட்டது. "இப்ப வெட்டிடுவாங்களே. நாம வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. பிறகு அந்தத் திரையைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பச்சை திராட்சை திண்டுக்கல்லில் இருக்கிறது. பன்னீர் ஊரெல்லாம் இருக்கிறது. இந்த மகள் எங்கே இருக்கிறாள்? உலகத்தில் ஒரே ஒரு வாசலில். தாய்க்கொடியை வெட்டினால்கூட அதன் பாதி பிள்ளைகள் வழியாகத் தோட்டங்களில் மிஞ்சும். இதை வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது. போதாததற்கு, தாயும் தகப்பனும் திணறுகிற உப்பில் இது நின்று காய்க்கிறது. வயதானதைத்தான் காப்பாற்றவேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். அவரே போனை எடுத்து, விழா இல்லை, எங்கள் ஊகம் தவறு என்று அமைச்சர் அலுவலகத்தில் சொன்னார். யார்மீதும் பழி போடவில்லை. அந்த மனிதரை அன்று நான் மனதார மதித்தேன். போனை வைத்துவிட்டு, "ஸ்டெல்லாம்மாகிட்ட நீங்க சொல்லுங்க. எனக்குத் தைரியம் இல்ல," என்றார்.

மீன்கடையில் சாயங்கால வியாபாரம் தொடங்குவதற்குமுன் போய் நின்றேன்.

"இன்னா மேடம், நாளைக்கு மந்திரி எத்தினி மணிக்கு வராரு?"

"வரலை ஸ்டெல்லா. உங்க கொடி பச்சை திராட்சைக்குத் தாய் இல்ல. பிள்ளை. கப்பல்ல வந்ததும் இல்ல."

அரிவாள்மணையில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது. "அன்னிக்கு தாயின்னீங்க, இன்னிக்கு புள்ளன்றீங்க. நாளிக்கு இன்னா, கள்ளிச்செடின்னுவீங்களா? ப்ளாக்கு பூரா சொல்லிக்கினு திரிஞ்சேன் மேடம். இப்ப மூஞ்ச எங்க கொண்டுபோய் வெச்சிக்கிறது?"

சமாதானம் சொல்ல முயலவில்லை. "பன்னீர் திராட்சை விதை ஒண்ணு உங்க வாசல்ல விழுந்து முளைச்சிருக்கு," என்று மட்டும் சொன்னேன்.

ஸ்டெல்லா என்னையே பார்த்தார். பிறகு அவர் முகம் மாறியது. மீனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"எம் பொண்ணு வயித்துல இருந்தப்போ எனக்கு ஒரே வாந்தி மேடம். இன்னாத்த துன்னாலும் நிக்காது. எம் புருசன் தெனம் பன்னீர் திராட்ச வாங்கியாருவான். வாசல்ல குந்திக்கினு துன்னுட்டு கொட்டைய அங்கயே துப்புவேன், மீன் கழுவுன தண்ணியும் அங்கதான் ஊத்துவேன். ரெண்டு கொடி வந்துச்சு. பெருசாயி காய்ச்சப்போ ஒண்ணு ஒரே புளிப்பு. அத்த புடுங்கிப் போட்டேன். இது நல்லா இருந்துச்சு, வெச்சிக்கினேன்."

"அப்ப கப்பல்?"

"செவுரு கெட்டுப்போவுதுன்னு ப்ளாக்குல சண்டைக்கு வந்தானுங்க. எங்க மாமனாரு கில்லாடி. ஃபாதர் குட்த்தது, கப்பல்ல வந்ததுன்னு ஒரே போடா போட்டாரு. ஒருத்தனும் கைய வெக்கல. அவரு சொன்னத சொல்லிச் சொல்லி எனக்கே அதான் நெசம்னு ஆயிப்போச்சு." மீனை மறுபடி கையில் எடுத்துக்கொண்டே, "அப்ப இதுக்கும் எம் பொண்ணுக்கும் ஒரே வயசு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

என் மண்டையில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. "இரண்டு முளைச்சுது, பழத்தைத் தின்னு பார்த்து ஒண்ணைப் பிடுங்கினீங்க, ஒண்ணை வெச்சுக்கிட்டீங்க. அப்படித்தானே?"

"ஆமா. அதுக்கின்னா இப்போ?"

அதுக்கு என்னவா? விதையிலிருந்து வந்ததைத் தின்று பார்த்து, வேண்டாததைக் கழித்து, நல்லதை வளர்த்தெடுப்பதற்கு எங்கள் தொழிலில் புது ரகம் உருவாக்குவது என்று பெயர். கப்பலில் வந்த பழைய ரகமாக இருந்திருந்தால் அது ஊர்ச் சொத்து, ஸ்டெல்லா வெறும் காவல்காரர். வாசலில் முளைத்தது என்பதால்தான் அது அவருடையது. விவசாயி உருவாக்கிய ரகத்தை அவர் பெயரிலேயே பதிய நம் சட்டத்தில் இடம் உண்டு. வெள்ளிக்கிழமை விழாவுக்காக நான் 'தாய்' என்று கையெழுத்துப் போட்டிருந்தால், ஒரு கம்பிவேலியைக் கொடுத்து அந்த உரிமையை அவரிடமிருந்து பிடுங்கியிருப்பேன்.

அடிமரத்தைக் காப்பாற்ற முடியவில்லை, பழைய கொடி இல்லை என்றதும் இன்ஜினீயர் வேலி போட மறுத்துவிட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். நசீமா மண்ணும் தொட்டியுமாக வந்துவிட்டாள். குச்சிகளை வெட்ட ஸ்டெல்லா யாரையும் விடவில்லை, எங்கள் கத்தரிக்கோலை வாங்கி அவரே வெட்டினார். கடைசியில் வெறும் மரம் நின்றபோது அதைத் தொட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை புல்டோசர் வந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. தரமணியில் குச்சிகள் துளிர்விட்ட அன்று நசீமா ஸ்டெல்லாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினாள்.

ரகத்தைப் பதிய விண்ணப்பம் எழுதும்போது டைரக்டர், லேபையும் கூட்டு உருவாக்குநராகப் போட்டால் என்ன என்று கேட்டார். லேபுக்கு அது பெரிய பெருமைதான். "நாம கண்டுபிடிச்சது அப்பா அம்மாவை மட்டும் சார், பிள்ளையை இல்ல," என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

செடிகள் காய்த்தபிறகு நேரில் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். இலை, கொத்து, பழம் எல்லாவற்றையும் அளந்தார். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்துச் சந்தேகமாக, "நிலமே இல்லாதவங்க எப்படி விவசாயி ஆவாங்க?" என்றார். எனக்குச் சட்டப் பிரிவு நாக்கு நுனியில் இருந்தது. சொல்லாமல் அடக்கிக்கொண்டேன். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள், நமக்குத் தெரிந்ததையெல்லாம் நாமே சொல்லவேண்டியதில்லை.

"நெலம் இல்ல சார்," என்றார் ஸ்டெல்லா. "வாசல் இருந்துச்சு. ரெண்டு மொளச்சுது. ஒண்ணு புளிச்சுது, புடுங்கிட்டேன். ஒண்ண வெச்சிக்கினேன். இத்தினி வருசம் தண்ணி ஊத்துனேன். இதுல விவசாயம் எது இல்லன்னு நீங்களே சொல்லுங்க."

அதிகாரி ஒரு பழத்தை வாயில் போட்டார். இன்னொன்று போட்டார். அப்புறம் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்.

சான்றிதழ் வர நாளாயிற்று. அதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், ஆனாலும் அதை நேரில் கொடுப்பது நானாகத்தான் இருக்கவேண்டும் என்று நசீமா சொல்லிவிட்டாள். மீன்கடையில் நல்ல கூட்டம். ஸ்டெல்லாவின் கை ஈரம் என்பதால் நானே பிரித்துப் படித்தேன். தாய், பன்னீர் திராட்சை. தகப்பன், பச்சை திராட்சை. உருவாக்கியவர், ஸ்டெல்லா. படிக்கும்போது என் குரல் எனக்கே கொஞ்சம் உயர்ந்து கேட்டது. என் பெயர் அச்சான எந்தக் கட்டுரையையும் நான் அவ்வளவு பெருமையாகப் படித்ததில்லை.

"இன்னா வேல பாக்குறேன்னு போட்டுக்கீதா?"

"மீன் வியாபாரம்னு போட்டிருக்கு."

"நல்லா பாருங்க மேடம். வெவசாயின்னு மாத்திட்டானுங்களா?"

"இல்ல. மீன் வியாபாரம்தான்."

"அப்ப சரி," என்றார். அதை ஈரம் படாமல் என்னையே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வரிசையில் முதலில் நின்ற ஆளைப் பார்த்தார்.

"வஞ்சிரமா, சங்கராவா? சீக்கிரம் சொல்லு நைனா. புது ரகம் உருவாக்குனவ கையால வெட்டித் தரேன்."